உடற்கூறியலா, உடற்கூற்றியலா? – கேள்வி பதில்

மார்த்தாண்டம் பக்கத்துக்காரன் நான். மருத்துவ மாணவர்களுக்கு 30 வருடம் அனாட்டமி நடத்தி ஓய்வு பெற்றவன். அந்தத் துறைக்காரரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேளுங்கள், சொல்கிறேன். முழங்கால் வலிக்கு மருந்து மட்டும் கேட்காதீர்கள்.

குழித்துறை மாணவி: உடற்கூறியல் என்ற சொல்லில் 'கூறு' எதற்கு, சார்?

களியக்காவிளைச் சந்தைக்குப் போயிருக்கிறாயா? சாளை மீனைச் சிறு குவியல்களாகப் பிரித்து வைத்து 'ஒரு கூறு இவ்வளவு' என்பார்களே, அந்தக் கூறுதான். பகுதி, பங்கு. உடலைக் கூறு கூறாகப் பிரித்துப் பார்க்கிற படிப்பு உடற்கூறியல். கிரேக்க மூலத்தில் அனாட்டமிக்கும் அறுத்துப் பிரிப்பது என்றே பொருள். அதனால் இது நல்ல பெயர்ப்பு. இதற்கு முன்னும் ஒரு சொல் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவர் கையாண்ட சொல் 'அங்காதிபாதம்'. கம்பீரமான சொல்தான், ஆனால் நிலைக்கவில்லை.

கொல்லங்கோடு வாசகர்: போஸ்ட்மார்ட்டம் செய்பவர்தானே உடற்கூறியலாளர்?

இல்லை. பத்திரிகைகள் பிரேதப் பரிசோதனையை 'உடற்கூறாய்வு' என்று எழுதுவதால் வந்த குழப்பம் இது. சாவுக்குக் காரணம் தேடி அறுப்பவர் சட்ட மருத்துவத் துறைக்காரர். எந்த நரம்பு எந்த வழியாகப் போகிறது என்று கற்பிப்பவரும் ஆராய்பவரும் உடற்கூறியலாளர்.

கேரளத்துப் பாறசாலையில் குடியிருக்கும் தமிழர்: மகள் இங்கே ஆயுர்வேதம் படிக்கிறாள். அவள் புத்தகத்தில் 'ரசன சாரீரம்' என்று இருக்கிறது. அதுவும் இதுதானா?

அதேதான். கூடவே 'கிரியா சாரீரம்' இருக்கும், அது உடலியங்கியல். சித்தா படிக்கிற பிள்ளைகள் இவற்றையே 'உடற்கூறுகள்', 'உடல் தத்துவம்' என்பார்கள். மலையாளத்தில் பொதுவாக 'சரீரகடனாசாஸ்திரம்'. தமிழ்க் கண்ணுக்கு ஏதோ கடன் வாங்கின சாஸ்திரம் போலத் தெரியும். பயப்பட வேண்டாம், அங்கே கடனா என்றால் அமைப்பு.

அருமனை வாசகர்: எங்கள் ஆசானுக்கு 108 வர்மமும் அத்துப்படி. அவரை உடற்கூறியலாளர் எனலாமா?

ஆசான் என்றே சொல்லுங்கள், அதில் என்ன குறைச்சல்? 12 படுவர்மமும் 96 தொடுவர்மமும் உயிருள்ள உடம்பில் விரல் வைத்துப் பழகுகிற வித்தை. எங்கள் துறை திறந்து பார்க்கிற துறை.

தக்கலை தமிழாசிரியை: 'உடற்கூற்றியல்' என்பதே சரி. சோறு சோற்றுப்பானை ஆகிறது, வீடு வீட்டுத்தோட்டம் ஆகிறது. நன்னூல் விதி தெரியாதா?

தெரியும், டீச்சர். விதி உங்கள் பக்கம். ஆனால் ஊரில் இரண்டுமே வழங்குகின்றன. 'கூறியல்' என்றால் கூறு உடனே காதில் விழுகிறது.

பாறசாலைத் தமிழர் மறுபடியும்: கூற்று என்றால் எமன் அல்லவா? அந்தப் பெயரில் பிள்ளையைப் படிக்க அனுப்புவதா?

எமனுக்கும் இந்தத் துறைக்கும் கொஞ்சம் சம்பந்தம் உண்டு, விடுங்கள். பேச்சுக்கும் கூற்று என்றே பெயர்.

தமிழாசிரியை: எமனுக்குப் பயந்து இலக்கணத்தை விட முடியுமா? ஆற்றுநீரை ஆறுநீர் என்பீர்களா?

சொல்ல மாட்டேன்.

தமிழாசிரியை: அப்புறம்?

அப்புறம் என்ன, நீங்கள் சொல்வதே சரி. 30 வருடம் கரும்பலகையில் 'உடற்கூறியல்' எழுதின கைக்கு இனிமேல் பழக்கம் மாறாது. கூறுகெட்டவன் என்று திட்டுங்கள், அதுவும் இந்தக் கூறுதான்.

திங்கள்சந்தை வாசகர்: பிரேதப் பரிசோதனை டாக்டரை உடற்கூறியலாளர் எனலாமா?

மேலே பாருங்கள்.

களியக்காவிளை வாசகர்: உடற்கூறியல் வல்லுனர், நிபுணர், எது சரி?

துறையைச் சொல்ல 'உடற்கூறியலாளர்' போதும். மற்ற இரண்டும் புகழ்ச்சி, மேடையில் அறிமுகம் செய்யும்போது வைத்துக்கொள்ளலாம். வல்லுநர் என்று எழுதுங்கள், 'னர்' வேண்டாம்.

இரணியல் வாசகி: அப்பா உடல் தானம் எழுதி வைத்திருக்கிறார். போஸ்ட்மார்ட்டம் செய்வார்களா, சார்?

இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டேன், அம்மா. தானமாக வருகிற உடல் மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைக்குப் போகும். ரத்தக்குழாய் வழியாக ஃபார்மலின் கலந்த திரவம் ஏற்றிப் பதப்படுத்துவார்கள். முதலாண்டுப் பிள்ளைகள் அதில்தான் மாதக்கணக்காகப் படிப்பார்கள். முதல் நாள் கத்தி எடுக்கும்முன் கையெடுத்துக் கும்பிடுகிற பிள்ளைகளை வருடந்தோறும் பார்த்திருக்கிறேன். போஸ்ட்மார்ட்டம் ஆன உடலைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. உறுப்பு தானம் வேறு, இது வேறு. அதை அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

தமிழாசிரியை: கடைசியாக ஒன்று. உங்கள் அறை வாசலில் பெயர்ப்பலகை எப்படி இருந்தது? கூறியலா, கூற்றியலா?

ஆங்கிலத்தில் இருந்தது, டீச்சர்.