தாத்தாவின் பெட்டியில் ஒரு ஏப்ரன்

கேள்வி: என் தாத்தா சி.எஸ்.ஐ. சபையில் போதகராக இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் நீலக் கரை வைத்த வெள்ளைத் தோல் ஏப்ரன் ஒன்று கிடைத்தது. ஃப்ரீமேசன்கள், அதாவது தங்களுக்கென ரகசியச் சடங்குகள் வைத்திருக்கும் மேசன் என்ற சகோதரச் சங்கத்தார், அணிவதாம். இடுப்புக் கொக்கி பாம்பு வடிவில் இருக்கிறது. கத்தோலிக்கரான என் கணவர், "இது சாத்தான் சமாச்சாரம், எரித்துவிடு" என்கிறார். தாத்தாவைப் பற்றி நாங்கள் நினைத்ததெல்லாம் தவறா?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: எரித்துவிடாதீர்கள், அம்மா. முதலில் அந்தப் பாம்பைப் பார்ப்போம். பிரிட்டிஷ் பட்டாளத்து பெல்ட்டிலும், அந்த நாட்டுப் பள்ளிப் பையன்களின் பெல்ட்டிலும் அதே கொக்கிதான் இருந்தது. ஏப்ரனில் மூன்று துணி ரோஜாக்கள் இருக்கின்றனவா? இருந்தால், தாத்தா 'மாஸ்டர் மேசன்' என்ற மூன்றாம் படிவரை போயிருக்கிறார்.

அவர் தலைமுறையில், சி.எஸ்.ஐ.-யின் வேர்களில் ஒன்றான ஆங்கிலிக்கன் சபையின் (இங்கிலாந்துத் திருச்சபை மரபு) குருமார் மேசன்களாக இருப்பது அதிசயமே இல்லை. 1953-ல் எலிசபெத் ராணிக்கு முடிசூட்டிய கேன்டர்பரி பேராயர் ஜெஃப்ரி ஃபிஷரே ஒரு மேசன்தான். மேசன்களின் 1723-ம் ஆண்டு விதிநூலைத் தொகுத்த ஜேம்ஸ் ஆண்டர்சன், பிரெஸ்பிட்டேரியன் போதகர். அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கெனத் தனித் திருச்சபை கண்ட ரிச்சர்ட் ஆலனும் மேசன். இவர்களையெல்லாம் சாத்தானின் ஆட்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, உங்கள் கணவர் ஒன்றும் இல்லாததைச் சொல்லவில்லை. 1738-லேயே போப் 12-ம் கிளமென்ட் மேசன் சங்கங்களுக்குத் தடை போட்டார். 1983-ல் வந்த புதிய திருச்சபைச் சட்டத்தில் மேசன் என்ற பெயர் இல்லை. தடை போய்விட்டது என்று சிலர் நினைத்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 26-ல் கர்தினால் ராட்சிங்கர் (பின்னாளில் போப் 16-ம் பெனடிக்ட்) தெளிவாகவே சொல்லிவிட்டார்: சேருகிறவர் கனமான பாவத்தில் இருக்கிறார், நற்கருணை வாங்கக்கூடாது. 2023-லும் வத்திக்கான் இதை உறுதி செய்தது. ஆனால் இது கத்தோலிக்கருக்கான விதி. உங்கள் தாத்தா கத்தோலிக்கர் இல்லையே!

ஒன்று மட்டும் எனக்கும் நெருடுகிறது. மேசன் சடங்கில் கடவுளை 'பிரபஞ்சத்தின் மாபெரும் சிற்பி' என்று பொதுவாகத்தான் அழைப்பார்கள். பல மதத்தாரும் கூடும் இடம் என்பதால் அங்கே இயேசுவின் பெயரில் ஜெபம் கிடையாது. 1987-ல் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவையே இதைப் பற்றிக் கவலையோடு விவாதித்தது. ஞாயிறுதோறும் இயேசுவைப் பிரசங்கித்தவர் அங்கே எப்படி நின்றார் என்று நீங்கள் கேட்பதில் தப்பே இல்லை.

அதற்கான பதில் தாத்தாவின் டைரியிலோ கடிதங்களிலோ இருக்கலாம். பெட்டியின் அடியில் சான்றிதழ் இருக்கிறதா என்றும் பாருங்கள். அவர் சேர்ந்திருந்த லாட்ஜின் (மேசன்களின் கிளைச் சங்கத்தை அப்படித்தான் சொல்வார்கள்) பெயரும் எண்ணும் அதில் இருக்கும். அப்புறம், ஏப்ரனை பாலிதீன் பையில் போடாதீர்கள், தோல் பூஞ்சை பிடித்துவிடும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள்.