கையால் ஏற்றிய கடைசி ரிலீஸ்

கேள்வி: என் வெப் அப்ளிகேஷனை பில்ட் செய்து (வெளியிடத் தயாரான கோப்புகளாக மாற்றி), எஃப்டிபி மென்பொருளில் ஃபோல்டரை இழுத்துப் போட்டு சர்வரில் ஏற்றுகிறேன். மூன்று வருடமாக ஒழுங்காகத்தான் ஓடுகிறது. டெர்மினலுக்கு (கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்கும் திரைக்கு) மாறத்தான் வேண்டுமா?

பதில்: மாறுங்கள் என்றுதான் சொல்வேன். நானும் அப்படித்தான் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி பாதியில் இணைப்பு அறுந்தது. புது இண்டெக்ஸ் பக்கம் சர்வருக்குப் போய்விட்டது, அது கூப்பிடும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு போகவில்லை. உள்ளே வந்தவர்களுக்கெல்லாம் வெறும் வெள்ளைப் பக்கம். பழையதையே திரும்பப் போடலாம் என்றால், அதன் மேலேயே புதியதை எழுதியாயிற்று. எதை எந்த வரிசையில் ஏற்றினேன் என்பது என் ஞாபகத்தைத் தவிர வேறெங்கும் இல்லை. சரிசெய்து முடிக்கும்போது விடிந்துவிட்டது.

மறுநாள் ஒரு பேஷ் ஸ்கிரிப்ட், அதாவது டெர்மினல் கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு, எழுதினேன். ஆறே வேலைகள்: கமிட் செய்யாத (பதிவு செய்யாத) மாற்றம் இருக்கிறதா என்று, மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட்டிடம் கேட்பது, தேவையான பேக்கேஜ்களை நிறுவும் என்பிஎம் சிஐ, டெஸ்ட், பில்ட், கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் வழியாக ஏற்றுவது, கடைசியில் வலைப்பக்கத்தைக் கட்டளையாலேயே அழைக்கும் கர்ல் கொண்டு பக்கம் வருகிறதா என்று பார்ப்பது. இன்ஸ்டால் என்று போடாமல் சிஐ என்று போடுவதற்குக் காரணம் உண்டு. அது நிறுவிய பேக்கேஜ்கள் இருக்கும் பழைய நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை அழித்துவிட்டு, லாக் கோப்பில் குறித்துவைத்த அதே பதிப்புகளை மட்டும் நிறுவும். லாக் கோப்பும் பேக்கேஜ் கோப்பும் ஒத்துப்போகாவிட்டால் மேற்கொண்டு போகாது.

எனக்குப் பெரிய நிம்மதி தந்தது வேறொன்று. ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச்செல்லும். 0 என்றால் சரி, மற்ற எதுவானாலும் தவறு. ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே 'செட் மைனஸ் ஈ' (set -e) என்று எழுதிவிட்டால், டெஸ்ட் தோற்ற இடத்திலேயே எல்லாம் நின்றுவிடும், சர்வரைத் தொடாது. இதிலும் இரண்டு பள்ளங்கள் உண்டு. பில்டின் வெளியீட்டை பைப் போட்டு (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுத்து), அதைத் திரையிலும் கோப்பிலும் எழுதும் டீ கட்டளைக்கு அனுப்பினால், பேஷ் கடைசிக் கட்டளையின் எண்ணைத்தான் பார்க்கும். பில்ட் தோற்றாலும் 0 என்றே தெரியும். 'பைப்ஃபெயில்' (set -o pipefail) சேர்த்துக்கொள்ளுங்கள். கர்லும் அப்படித்தான். சர்வர் 500 என்று பிழை சொன்னாலும் பதில் வந்துவிட்டதே என்று 0 கொடுக்கும். 'ஃபெயில்' என்ற ஆப்ஷனைச் சேர்த்தால்தான் 22 என்ற எண்ணோடு நிற்கும்.

கேள்வி: ஆர்சிங்க்கில் 'டிலீட்' ஆப்ஷனைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. சர்வரில் எல்லாம் அழிந்துவிடுமோ?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. உங்கள் கணினியில் உள்ள ஃபோல்டரில் இல்லாத எதையும், சர்வரில் நீங்கள் ஏற்றும் ஃபோல்டரிலிருந்து அது நீக்கிவிடும். பயனர்கள் ஏற்றிய படங்கள் அதே ஃபோல்டரில் இருந்தால் அவையும் போகும். அந்தப் படங்களை இன்றே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். முதலில் 'டிரை ரன்' போட்டுப் பாருங்கள், எதையும் தொடாமல் என்ன செய்யப்போகிறது என்று பட்டியலிடும். உங்கள் கணினியில் உள்ள ஃபோல்டர் பெயரின் கடைசியில் சாய்கோடு (/) இருக்கிறதா என்றும் கவனியுங்கள். இருந்தால் உள்ளே இருப்பது மட்டும் போகும், இல்லாவிட்டால் ஃபோல்டரே போகும்.

எனக்கு இப்போது டிலீட் தேவைப்படுவதே இல்லை. ஒவ்வொரு ரிலீஸும் சர்வரில் தனி ஃபோல்டருக்குப் போகிறது. 'கரண்ட்' என்ற சிம்லிங்க் (வேறொரு ஃபோல்டரைச் சுட்டும் குறுக்குவழி) அதில் ஒன்றைக் காட்டும், வெப் சர்வர் அதைத்தான் படிக்கும். முழுவதும் ஏறிய பிறகே சிம்லிங்க்கை மாற்றுகிறேன். பாதியில் இணைப்பு அறுந்தாலும் யாருக்கும் தெரியாது. புது சிம்லிங்க்கை வேறு பெயரில் உருவாக்கி, பிறகு பெயர் மாற்றும் 'எம்வி' (mv) கட்டளை கொண்டு பழையதன் மேல் பெயர் மாற்றுங்கள். அந்த மாற்றம் ஒரே நொடிப்பில் நடந்துவிடும், இடையில் வெற்று நிலை கிடையாது. லினக்ஸில் எம்வியோடு பெரிய டி (-T) ஆப்ஷனும் வேண்டும், இல்லாவிட்டால் பழைய ஃபோல்டருக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய ரிலீஸுக்குத் திரும்ப அதே கட்டளைகள் போதும்.

ஆனால் டேட்டாபேஸ் இதோடு திரும்பி வராது. அதனால் டேட்டாபேஸ் டேபிளில் ஒரு நெடுவரிசையை (column) நீக்க வேண்டுமென்றால், அதைப் பயன்படுத்தாத நிரலை முதலில் ரிலீஸ் செய்து, சில நாள் ஓடவிட்டு, அப்புறம் நீக்குங்கள்.

கேள்வி: சர்வரின் பாஸ்வேர்டை ஸ்கிரிப்டிலேயே எழுதிவைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஸ்கிரிப்ட் கிட்டுக்குள் போகும், பின்னால் அந்த வரியை நீக்கினாலும் பழைய கமிட்டில் அது இருந்துகொண்டே இருக்கும். பாஸ்வேர்டுக்குப் பதிலாக எஸ்எஸ்ஹெச் சாவி (சர்வருக்குள் நுழைய உங்கள் கணினியில் வைக்கும் ரகசியக் கோப்பு) வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே எழுதி கமிட் செய்திருந்தால், வரியை நீக்குவதற்கு முன் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.