காலணி கொடுப்பது பற்றி – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

டெக்ஸஸில் இருக்கிறோம். மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளியில் ஒரு சேவைக் குழு உண்டு. அடுத்த மாதம் ஒரு நாள் குழுப் பிள்ளைகள் எல்லாரும் செருப்பு, ஷூ இல்லாமல் இருப்பது, காலணி இல்லாத குழந்தைகளைப் பற்றிப் பேசுவது, பழைய ஷூக்களைச் சேர்த்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவது என்று திட்டம். சேர்த்த ஷூக்களெல்லாம் எங்கள் வீட்டு கராஜில்தான் இருக்கின்றன. மூன்று பெரிய மூட்டை ஆகிவிட்டது.

என் கணவர் இதெல்லாம் வீண்வேலை என்கிறார். “எங்க தாத்தா சாகுற வரைக்கும் செருப்புப் போட்டதில்ல, கடைசி வரைக்கும் வயல்ல நின்னாரு” என்று மகளிடம் சொல்லிவிட்டார். இலவசமாகக் கொண்டுபோய்க் கொட்டினால் அங்கே செருப்பு விற்பவன் பிழைப்பு என்னாகும் என்றும் கேட்கிறார். மகள் அழுதுவிட்டாள். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. ஒரு நாள் வெறுங்காலோடு இருப்பதில் பயன் உண்டா? மூட்டைகளை என்ன செய்யட்டும்?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கணவரின் தாத்தாவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வெறுங்காலோடு நடப்பது நோயும் அல்ல, குறையும் அல்ல. யு.பி. ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரண்டு மருத்துவர்கள் நம் நாட்டில் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 பிள்ளைகளின் பாதங்களைப் பார்த்து 1992இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஷூ போட்டு வளர்ந்த பிள்ளைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம் பேருக்குத்தான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா மாரத்தான் முழுவதையும் வெறுங்காலில் ஓடித் தங்கம் வாங்கினார். கிடைத்த ஷூ காலுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. பழகிய வெறுங்காலே மேல் என்று ஓடிவிட்டார். ஆகவே செருப்பில்லாத காலைப் பார்த்ததும் பரிதாபப்பட வேண்டியதில்லை.

ஆனால் தாத்தா நின்ற வயலின் மண் வேறு. பிகிலாவின் நாட்டிலேயே, தெற்கே வொலைட்டா என்று ஒரு பகுதி இருக்கிறது. மேட்டு நிலம், நல்ல மழை, எரிமலைப் பாறை சிதைந்து உண்டான சிவந்த களிமண். விளைச்சலுக்கு அருமையான மண். அதில் வருடக்கணக்கில் வெறுங்காலோடு உழைப்பவர்களில் சிலருக்குக் கால் வீங்க ஆரம்பிக்கிறது. முதலில் பாதத்தில் அரிப்பும் எரிச்சலும். பிறகு வீக்கம் வந்து வந்து வடியும். அப்புறம் வடியாமலே நின்றுவிடும். தோல் தடித்து முடிச்சு முடிச்சாகி, பாசி படர்ந்ததுபோல் ஆகிவிடும். மண்ணிலுள்ள நுண்ணிய கனிமத் துகள்கள் பாதத்தின் தோல் வழியாக உள்ளே போய், தசையில் தேங்கும் நீரை வடிக்கும் நிணநீர்க் குழாய்களைப் புண்ணாக்கி அடைத்துவிடுகின்றன. போடோகோனியோசிஸ் என்று பெயர்.

பார்த்தால் கும்பகோணம் பக்கத்து யானைக்கால் போலவே இருக்கும். ஆனால் நம் யானைக்கால் கொசு கொண்டுவரும் புழுவால் வருவது. அதைச் செருப்பு போட்டுத் தடுக்க முடியாது. கொசுவலையும் மாத்திரையும் வேண்டும். இதில் புழு இல்லை, கிருமி இல்லை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. ஒரே மண்ணில் நிற்கும் எல்லாருக்கும் வருவதும் இல்லை. மரபணுவில் அதற்கு இடம்கொடுக்கும் தன்மை இருப்பவர்களுக்கு வருகிறது என்று 2012இல் வந்த ஆய்வு காட்டியது. அதனால் ஒரு குடும்பத்திலேயே பலருக்கு வரும். ஊர் அதைக் குடும்பச் சாபம் என்று முடிவுகட்டிவிடும். கல்யாணம் நின்றுபோகும். பள்ளியிலும் தேவாலயத்திலும் ஒதுக்குவார்கள். 2003இல் வெளியான கணக்கெடுப்பின்படி வொலைட்டா மக்களில் 5.46 சதவீதம் பேருக்கு இந்த நோய், அதாவது கிட்டத்தட்ட இருபது பேரில் ஒருவருக்கு. உழைக்கும் வயதில் கால் போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நோயைச் செருப்பால் தடுக்க முடியும். சிறு வயது முதல் காலை மூடிக்கொண்டு, தினமும் சோப்பு போட்டுக் கழுவினால் போதும். மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, கேனரித் தீவுகள் எல்லாவற்றிலும் ஒரு காலத்தில் இது இருந்தது. மக்கள் பரவலாகக் காலணி போட ஆரம்பித்த பிறகு இல்லாமல் போனது. இப்படித் தடுக்க முடிகிற நோயில் இன்னும் லட்சக்கணக்கானவர்கள் எத்தியோப்பியாவில் வாழ்கிறார்கள் என்பதை என்னால் சாதாரணமாகக் கடக்க முடிவதில்லை. உங்கள் மகள் அழுததில் தவறே இல்லை.

சரி, அப்படியென்றால் மூன்று மூட்டையையும் வொலைட்டாவுக்கு அனுப்பிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்த ஷூ ஒரு வருடத்தில் பத்தாது. அடுத்த ஜோடிக்கு யார் வருவார்கள்? கையில் ஷூ இருப்பவர்களும் வயலில் போடுவதில்லை. ஈர மண்ணில் வழுக்கும், சேறு பிடித்து இழுக்கும், பிய்ந்துவிடும். அதனால் சந்தைக்கும் தேவாலயத்துக்கும் போகும்போது மட்டும் போட்டுக்கொள்வார்கள். நல்ல சேலையை விசேஷத்துக்கு என்று எடுத்துவைப்பவர்கள் நாம். நமக்கு இது புரியாததல்ல. ஆனால் மண் காலைத் தின்பது வயலில்தான். ஏற்கனவே வீங்கிய காலுக்கோ கடையில் விற்கும் எந்த ஷூவும் நுழையாது, அளவெடுத்துத் தைக்க வேண்டும்.

அங்கே மாஸி ஃபுட் என்ற அமைப்பு இதைப் புரிந்துகொண்டு வேலை செய்தது. நோயிலிருந்து மீண்டவர்களுக்கே செருப்புத் தைக்கப் பழக்கி, பட்டறை வைத்து, வீங்கிய கால்களுக்கு அளவெடுத்துத் தைக்க வைத்தார்கள். ஊர் ஒதுக்கிய ஒருவர் கையில் தொழில், இன்னொருவர் காலில் செருப்பு. அதோடு காலைக் கழுவும் முறை, களிம்பு, கட்டு, சாக்ஸ் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். இதே மாதிரியான சிகிச்சையை 696 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். காய்ச்சலோடு கால் கொதித்துப் படுக்கையில் விழும் தாக்குதல்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. பெரிய அதிசயம் இல்லைதான். ஆனால் தண்ணீர், சோப்பு, களிம்பு, துணி, ஷூ, அதைக் கற்றுத்தர ஓர் ஆள், இவ்வளவில் கிடைத்த பலன் அது. ஷூ இந்த வரிசையில் ஒன்று. தனியாகப் போனால் அதன் வேலை நடக்காது.

இனி உங்கள் கணவரின் இரண்டாவது கேள்வி. டாம்ஸ் என்ற அமெரிக்க ஷூ நிறுவனத்தைத் தெரிந்திருக்கும். பிளேக் மைகோஸ்கி அர்ஜென்டினா போய்வந்து 2006இல் தொடங்கியது. நீங்கள் ஒரு ஜோடி வாங்கினால் ஏழைக் குழந்தைக்கு ஒரு ஜோடி. வருடத்தில் ஒரு நாள் ஷூ போடாமல் இருங்கள் என்ற இயக்கத்தைப் பரப்பியதும் அவர்கள்தான். 2015இல் வெறுங்கால் படம் ஒன்றை இன்ஸ்டாகிராமில் போட்டால் ஒரு குழந்தைக்கு ஒரு ஜோடி என்றார்கள். உங்கள் மகளின் பள்ளித் திட்டம் அந்த வழியில் வந்ததாகத்தான் இருக்கும்.

இந்த ஷூக்கள் உண்மையில் என்ன செய்கின்றன என்று புரூஸ் வைடிக் என்ற பொருளாதாரப் பேராசிரியரும் அவர் குழுவும் எல் சல்வடாரில் 18 கிராமப்புறச் சமூகங்களில் ஆராய்ந்தார்கள். நிறுவனத்தின் சம்மதத்தோடு நடந்த ஆய்வு. பிள்ளைகளுக்கு ஷூ பிடித்திருந்தது, போட்டுக்கொண்டார்கள். ஆனால் உடல்நலத்திலோ பள்ளிக்கு வருவதிலோ சொல்லும்படி எந்த முன்னேற்றமும் இல்லை. காரணம் எளிது: பெரும்பாலான பிள்ளைகளிடம் ஏற்கனவே ஒரு ஜோடி இருந்தது. உள்ளூர் வியாபாரம் பாதிக்கப்பட்டதா என்றால், இருபது ஜோடி இலவசமாகக் கொடுத்தால் கடையில் ஒரு ஜோடி குறைவாக விற்றது. உங்கள் கணவர் பயப்படும் அளவுக்கு இல்லை, ஆனால் இல்லாமலும் இல்லை. என்னை உறுத்தியது இன்னொன்று. “என் குடும்பத்தின் தேவைகளை வெளியாட்கள் கவனித்துக்கொள்ள வேண்டும்” என்று சொன்ன பிள்ளைகள், ஷூ வாங்காத குழுவில் 66 சதவீதம், வாங்கிய குழுவில் 79 சதவீதம். அந்தப் பிள்ளையின் அப்பா வியர்வை சிந்தி வாங்கித்தந்த பழைய ஜோடியும் அதே வீட்டில்தான் இருந்திருக்கும். முடிவு தங்களுக்குச் சாதகமாக இல்லாதபோதும் டாம்ஸ் அதை மறைக்கவில்லை. 2019இல் ‘ஒன்றுக்கு ஒன்று’ முறையை விட்டு, லாபத்தில் ஒரு பங்கைப் பணமாகக் கொடுப்பதற்கு மாறினார்கள்.

ஆக, கொடுக்கும் முன் கேட்க வேண்டியது அந்தக் காலை எது வருத்துகிறது என்பதுதான். இதற்கு நீங்கள் ஆப்பிரிக்கா வரை போக வேண்டியதும் இல்லை. டெக்ஸஸிலிருந்து கிழக்கே காரிலேயே போய்விடும் தூரத்தில் அலபாமா இருக்கிறது. அங்கே லவுண்ட்ஸ் கவுன்டியில் கறுப்பின மக்கள் அதிகம், வறுமையும் அதிகம். மண் தண்ணீரை உறிஞ்சாத களி. சாதாரண செப்டிக் டாங்க் அங்கே வேலை செய்யாது. அந்த மண்ணுக்கு ஏற்றதைப் போட பல குடும்பங்களிடம் பணம் இல்லை. கழிவு வீட்டுக்குப் பின்னால் திறந்த வெளியில் போகிறது. 2017இல் வெளியான ஆய்வில் 55 பேரைச் சோதித்ததில் 19 பேருக்குக் கொக்கிப்புழு இருந்தது. கொக்கிப்புழு மண்ணிலிருந்து பாதத்தின் தோல் வழியாக உடலுக்குள் போய் ரத்தத்தைக் குடிப்பது. அமெரிக்கத் தெற்கில் அதை ஒழிக்கவென்றே 1909இல் எண்ணெய்க் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரின் பணத்தில் ஓர் ஆணையம் அமைத்து வேலை செய்தார்கள். நூறு வருடம் கழித்தும் அந்த ஆய்வில் அது தென்பட்டது. ஷூ அந்தப் புழுவை ஓரளவு தடுக்கும். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு வேண்டியது ஒழுங்கான கழிப்பறை. உலகத்தின் பணக்கார நாட்டில் அது கிடைக்காதது பற்றி உங்கள் மகளின் குழு ஒரு மணி நேரம் பேசினால், வெறுங்காலோடு நடந்ததற்கு அர்த்தம் இருக்கும்.

அந்த ஒரு நாள் பற்றி. நடக்கட்டும், தடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு உடம்பால் செய்யும் ஒன்று மனதில் நிற்கும். ஆனால் வெட்டிய புல்வெளியிலும் பள்ளி வராந்தாவிலும் நடந்துவிட்டு “அவர்கள் படும் கஷ்டம் எங்களுக்குப் புரிந்தது” என்று யாரும் மேடையில் சொல்ல வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்களில் தலித் மக்கள் மேல்சாதித் தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்ற கட்டாயம் வெகுகாலம் இருந்தது. செருப்பு வாங்கக் காசு இருந்தும் போட விடவில்லை. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவரும் வெறுங்காலோடுதான் நடக்கிறார், அந்தத் தெருவைக் கடந்தவரும் வெறுங்காலோடுதான் நடந்தார். விரும்பிக் கழற்றிய காலுக்கு மற்றதன் வலி தெரியாது. பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயது ஆகிறது, சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

இன்னொன்று, அன்று கலந்துகொள்ளும் பெரியவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர் இருந்தால் கண்டிப்பாக ஷூவைக் கழற்ற வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுட்டாலும் குத்தினாலும் தெரியாது; புண் ஆறாமல் காலையே எடுக்க வேண்டி வரலாம். 1946இல் வேலூர் வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் கண்டதும் இதுதான். நோய் பாதத்தை அரிக்கிறது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். வலி தெரியாத காலில் நடந்து நடந்துதான் புண் வருகிறது என்று அவர் காட்டினார். இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று மெத்தென்ற ரப்பரில் தைத்துத் தருகிறார்களே, அது இப்படிப்பட்ட கால்களுக்குத்தான். அங்கே செருப்பு மருந்துச் சீட்டில் எழுத வேண்டிய பொருள்.

மூட்டைகளுக்கு வருகிறேன். முதலில் கராஜில் உட்கார்ந்து பிரியுங்கள், பிள்ளைகளும் கூட இருக்கட்டும். ஒற்றை ஷூ, அடி பிய்ந்தது, நீங்களே உங்கள் மகளுக்குப் போட்டுவிடத் தயங்குவது, எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள். நம் குப்பையை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்ப ஏழ்மை ஒரு காரணம் அல்ல. நல்லதை ஜோடியாக லேஸால் கட்டி, அளவை எழுதி ஒட்டுங்கள். உங்கள் ஊரில் வீடற்றவர்களுக்கான தங்குமிடம் இருக்கும். போன் செய்து என்ன அளவு வேண்டும் என்று கேட்ட பிறகு கொண்டுபோய்க் கொடுங்கள். புது சாக்ஸும் சேர்த்துக் கொடுங்கள். நாளெல்லாம் ஈரத்தில் நடக்கிறவர்களுக்கு ஷூவை விட அது சீக்கிரம் தேவைப்படும், யாரும் கொடுப்பதும் இல்லை.

மிச்சமாவதை சோல்ஸ்ஃபோர்சோல்ஸ் போன்ற அமைப்புகள் வாங்கிக்கொள்ளும். 2004 சுனாமியைப் பார்த்து ஷூ சேர்க்க ஆரம்பித்த முயற்சியிலிருந்து வந்த அமைப்பு அது. ஆனால் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: அங்கே போகும் பழைய ஷூக்களில் பெரும் பகுதி ஹைட்டி போன்ற நாடுகளில் சிறு வியாபாரிகளுக்குக் குறைந்த விலையில் விற்கப்படும், அவர்கள் அதைத் துடைத்து, தைத்து, சந்தையில் விற்பார்கள். சிலருக்கு அது பிழைப்பு. அதே சமயம் ருவாண்டா தன் உள்ளூர் உற்பத்தி நசுங்குகிறது என்று 2016இல் பழைய துணி, பழைய ஷூ மீதான வரியைப் பல மடங்கு ஏற்றியது. பதிலுக்கு ருவாண்டா ஆடைகளுக்குத் தந்திருந்த வரிச் சலுகையை அமெரிக்கா 2018இல் நிறுத்திவைத்தது. பழைய ஷூ வேண்டாம் என்று சொல்லும் உரிமை வாங்குகிறவருக்கு இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

வொலைட்டாவுக்கு உங்கள் மகள் ஏதாவது செய்ய விரும்பினால் பணமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். கப்பல் கூலிக்குப் போகும் காசில் அங்கேயே செருப்புத் தைக்கலாம், சோப்பு வாங்கலாம். இந்த நோய்க்கென்றே வேலை செய்யும் அமைப்புகள் இருக்கின்றன. பணம் போடும் முன், அடுத்த வருடமும் அதே ஊருக்கு, அதே பிள்ளைக்கு ஷூ கொடுப்பீர்களா என்று மின்னஞ்சல் எழுதிக் கேட்கட்டும். மகளே எழுதட்டும். அவர்கள் என்ன பதில் போட்டார்கள் என்று எனக்கும் தெரிவியுங்கள், இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்.