கிட் காரில் பக்கவாட்டுச் சைலென்சரை அதிர்வு பாடிக்கு ஏறாமல் பொருத்துவது எப்படி?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். லோட்டஸ் செவன் என்ற பழைய பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் காரின் சாயலில் ஒரு கிட் கார், அதாவது பாகங்களைச் சேர்த்து நாமே கட்டும் கார், கட்டுகிறீர்கள். என்ஜின் மாருதி ஆம்னியினுடையது. சைலென்சர் இடது பக்கம் பாடியைத் துளைத்து வெளியே வந்து, கதவு இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே படுத்திருக்கிறது. அதை நேராகச் சேஸியில் போல்ட் போட்டால் வண்டியே உதறுகிறது, ரப்பர் வைத்தால் ரப்பர் கருகுகிறது.

இரண்டு தப்பையும் இதே வரிசையில் நானும் செய்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்குக் கும்பகோணம் பக்கம். லேத்துப் பட்டறை வைத்திருக்கிறேன். மன்னார்குடி நண்பன் ஒருவன் 1957-இல் லோட்டஸ் கொண்டுவந்த செவனின் படத்தைப் பார்த்துக் கிறங்கிப்போய், பழைய ஆம்னி ஒன்றை விலைக்கு வாங்கி என் வாசலில் இறக்கினான். அந்த வடிவத்துக்கான உரிமையை 1973-இல் கேட்டர்ஹாம் வாங்கிக்கொண்டது, இன்றும் பிரிட்டனில் அதைப் பெட்டியில் பாகம் பாகமாகப் போட்டு விற்கிறார்கள். நமக்குப் பெட்டி ஏது? சதுரக் குழாய், வெல்டிங் ராடு, ஃபைபர் பாடி ஊற்றத் தெரிந்த ஒரு படகுக்காரர், அவ்வளவுதான். ஓட்டிப் பார்க்க இடம், தெரிந்தவர் அரிசி ஆலையின் உலர்களம். நெல் வராத மாதங்களில் அதைப்போல ஒரு சமதளம் டெல்டாவில் வேறு கிடைக்காது.

முதல் தடவை மூன்று பட்டை வெட்டி, சைலென்சரை மூன்று இடத்தில் சேஸியோடு இறுக்கினேன். பார்க்கக் கச்சிதமாக இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் ஸ்டியரிங், சீட், கண்ணாடி எல்லாம் ஒரே சுரத்தில் பாட ஆரம்பித்தன. களத்தைச் சுற்றி நாற்பது, ஐம்பது ரவுண்டு வந்திருப்போம். பட்டென்று ஒரு சத்தம், அப்புறம் டிராக்டர் மாதிரி உறுமல். என்ஜினிலிருந்து புகையை வாங்கும் மேனிஃபோல்ட் குழாய், போல்ட் போடும் தகடான ஃபிளாஞ்சோடு சேரும் வெல்டிங்கின் ஓரத்தில் அரை வட்டத்துக்கு விரிசல்.

சித்தப்பா பம்புசெட் என்ஜின் பழுது பார்ப்பவர். வந்து குனிந்து பார்த்தார். "இது யாரு வீட்டுப் புள்ளடா? என்ஜின் வீட்டுதா, சேஸி வீட்டுதா? ஆளுக்கொரு கையப் புடிச்சி இழுத்தா பிஞ்சிதான் போவும்" என்றார். உங்கள் கேள்விக்கான பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. மோட்டார் கொட்டகையில் டீசல் என்ஜினின் புகைக்குழாயைப் பாருங்கள். ரப்பரும் கிடையாது, ஒன்றும் கிடையாது, ஆனாலும் உடைவதில்லை. காரணம், அது என்ஜினோடு மட்டும்தான் சேர்ந்திருக்கிறது. சுவரைத் தாண்டும் இடத்தில் ஓட்டையைப் பெரிதாக விட்டிருப்பார்கள், குழாய் சுவரைத் தொடாது. யாராவது ஆர்வக்கோளாறில் அந்த ஓட்டையில் சிமெண்ட் பூசினால் அன்றைக்குத்தான் சித்தப்பாவுக்கு வேலை வரும்.

காரில் என்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. ஆம்னி என்ஜின் வண்டியின் நீளவாக்கில் இருப்பதால், ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது கிராங்க்கை (என்ஜினுக்குள் சுழலும் தண்டு) அச்சாக வைத்துப் பக்கவாட்டில் புரளும். இரண்டே டிகிரி புரண்டாலும், கிராங்க்கிலிருந்து 400 மி.மீ. தள்ளியிருக்கும் குழாய் 14 மி.மீ. மேலோ கீழோ போகும். அதன் மேல் வெப்பம் வேறு. ஒரு மீட்டர் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதாரண இரும்பு) குழாய் 400 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 5 மி.மீ. நீளும். 304 ஸ்டெயின்லெஸ் என்றால் 7 மி.மீ. அருகில். இவ்வளவு அசைவையும் மூன்று போல்ட்டால் மறித்தால், எங்கே பலவீனமோ அங்கே பிளக்கும். அநேகமாக அது மேனிஃபோல்ட் வெல்டிங்காகத்தான் இருக்கும்.

ஆகவே முதலில் ஒரு எல்லைக்கோடு போடுங்கள். மேனிஃபோல்டிலிருந்து வரும் குழாயில் ஓர் இடத்தில் வலை பின்னிய ஃப்ளெக்சிபிள் பைப் வைத்து வெல்டு செய்துகொள்ளுங்கள். அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் என்ஜின் சொத்து. அங்கே தாங்கல் வேண்டுமானால் பிராக்கெட்டை கியர்பாக்ஸ் பெல் ஹவுசிங்கிலிருந்து (என்ஜினோடு கியர்பாக்ஸைச் சேர்க்கும் கூடு) எடுங்கள், அதுவும் என்ஜினோடு சேர்ந்தே ஆடுவதால் சண்டை வராது. ஃப்ளெக்சிபிளுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் சேஸி சொத்து, அதன் எடையைச் சேஸிதான் சுமக்க வேண்டும். ஃப்ளெக்சிபிள் நடுவில் நின்று இரண்டு வீட்டுக்கும் தூது போகலாமே தவிர, அதன் தலையில் சைலென்சரின் பாரத்தை ஏற்றக் கூடாது.

அதை எந்தத் திசையில் வைப்பது என்பதையும் பார்க்க வேண்டும். ஃப்ளெக்சிபிள் வளைவதைத் தாங்கும், முறுக்குவதைத் தாங்காது. குழாய் என்ஜினிலிருந்து பக்கவாட்டில், அதாவது கிராங்க்குக்குக் குறுக்காக வரும் துண்டில் வைத்தால் என்ஜின் புரளும்போது அது வளையும். திரும்பிப் பின்னால் ஓடும் துண்டில் வைத்தால் நகர்வோடு கொஞ்சம் முறுக்கும் சேரும். இடம் இருந்தால் குறுக்குத் துண்டில் வையுங்கள். எனக்கு அங்கே ஒரு சாண் இடம்கூட இல்லை, வளைவின் பாதியில் வைத்துச் சமாளித்தேன். இதுவரை உடையவில்லை. ஆனால் சரி என்று மார்தட்ட மாட்டேன்.

இனி ரப்பர். கார்களில் சைலென்சர் தொங்கும் ரப்பர் வளையம் இருக்கிறதே, அது மலிவு, நல்லது, எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். மேலே தொங்கவிட ஆதாரம் இருந்தால் யோசிக்காமல் அதையே போடுங்கள். செவன் மாதிரி வண்டியில் சைலென்சருக்கு மேலே ஒன்றுமில்லை, பக்கத்தில் சேஸிக் குழாய் மட்டும்தான். அதனால் இரண்டு பக்கமும் ஸ்டட் (மரை போட்ட கம்பி) நீட்டிக்கொண்டிருக்கும் உருளை ரப்பர் மவுண்ட் வேண்டியிருக்கிறது. ஜெனரேட்டர், ஏர் கம்ப்ரசர் காலடியில் இருக்குமே, அதுதான். 40 மி.மீ. விட்டமும் எம்8 (8 மி.மீ.) ஸ்டட்டும் இந்த வேலைக்குப் பொருந்தும். இதில் ரப்பரை இரும்புத் தகட்டோடு ஒட்டித்தான் வைத்திருக்கிறார்கள். அமுக்கினால் தாங்கும், பக்கவாட்டில் சறுக்கினாலும் தாங்கும், பிடித்து இழுத்தால் ஒட்டு விட்டுவிடும். ஆகவே மவுண்ட்டைப் படுக்கவைத்து எடை சறுக்கலாக விழும்படி செய்யுங்கள், இல்லையென்றால் அடியில் வைத்து எடை அமுக்கும்படி செய்யுங்கள். தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். நான் விட்டேன். மூன்றாம் நாள் சைலென்சர் களத்தில் கிடந்தது.

எவ்வளவு மெத்தென்று இருக்க வேண்டும்? கடைக்காரர் "ஹார்டா, சாஃப்டா?" என்று கேட்பார், நாம் முழிப்போம். இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஆம்னியின் 796 சி.சி. என்ஜினுக்கு மூன்று சிலிண்டர். ஒரு சுற்றுக்கு ஒன்றரை வெடிப்பு. ஆக்சிலேட்டரைத் தொடாத ஐடிலில், நிமிடத்துக்கு 800 சுற்று என்றால், நொடிக்கு 20 முறை அடிக்கும். சைலென்சரை ரப்பரில் உட்காரவைத்ததும் அது தன் எடையில் எத்தனை மி.மீ. அமிழ்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால், அந்த அமைப்பு தானாக ஆடும் வேகம் நொடிக்கு இத்தனை என்று கிடைக்கும். 1 மி.மீ. அமிழ்ந்தால் சுமார் 16. இது 20-க்கு மிக அருகில் இருப்பதால் ரப்பர் அதிர்வைக் குறைப்பதற்குப் பதில் கூட்டிக் கொடுக்கும். 2 மி.மீ. அமிழ்ந்தால் 11. அடிக்கும் வேகம் ஆடும் வேகத்தைப்போல் 1.4 மடங்குக்கு மேல் போனால்தான் ரப்பர் தடுக்கவே ஆரம்பிக்கும். இருபதைப் பதினொன்றால் வகுத்தால் 1.8 வருகிறது, தேறிவிட்டது. ஓடும்போது ரப்பர் அளந்ததைவிடக் கொஞ்சம் விறைப்பாகவே நடந்துகொள்ளும் என்பதால் 3 மி.மீ.க்குக் குறிவைத்தால் நிம்மதி. என் சைலென்சர் ஆறரைக் கிலோ. முதலில் நான்கு கட்டி ரப்பர் வைத்திருந்தேன், அமிழவே இல்லை. இரண்டு மெத்தை ரப்பருக்கு மாறிய அன்றுதான் கண்ணாடியில் பின்னால் வருபவர் முகம் தெரிந்தது. நிறைய ரப்பர் வைத்தால் நிறைய அதிர்வு நிற்கும் என்று நினைப்பது இயல்புதான், ஆனால் கணக்கு நேர் எதிர்.

ரப்பர் கருகுவதற்கு வருவோம். சாதாரண ரப்பர் 80 டிகிரிக்கு மேல் நாள்பட நின்றால் இறுகி வெடித்துவிடும். சிலிக்கான் ரப்பர் 200 டிகிரி வரை நிற்கும், ஆனால் எளிதில் கிழியும், விலையும் அதிகம். அதனால் ரப்பரை மாற்றுவதைவிடச் சூட்டை அதனிடம் வரவிடாமல் செய்வதே என் வழி. சைலென்சர் உடம்பிலிருந்து மவுண்ட்டுக்குப் போகும் கையை ஸ்டெயின்லெஸ் பட்டையில் செய்யுங்கள். எம்.எஸ். கடத்தும் சூட்டில் மூன்றில் ஒரு பங்குதான் அது கடத்தும். கையை 60 மி.மீ. நீட்டிவிட்டு, நடுவில் ஒரு பெரிய ஓட்டை போட்டு ஒடுக்குங்கள், சூடு வரும் பாதை குறுகும். சைலென்சருக்கும் ரப்பருக்கும் நடுவே ஒரு அலுமினியத் தகடு, இரண்டு பக்கமும் காற்று போகும்படி. இவ்வளவு செய்தபின் அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியை ரப்பரின் உலோக முகத்தில் காட்டிப் பாருங்கள். ஓடும்போது காற்று குளிர்விக்கும், நின்ற பிறகுதான் சூடு ஏறும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளங்கள்.

பொருத்தும்போது ஒரு சின்ன வேலை செய்துகொள்ளுங்கள். குழாய் சூட்டில் பின்னோக்கி நீளும் அல்லவா, அதனால் குளிர்ந்த நிலையில் பின் மவுண்ட் இரண்டு மி.மீ. முன்பக்கம் சாய்ந்திருக்கும்படி இறுக்குங்கள். சூடானதும் நேராக நிற்கும். ரப்பர் அறுந்தால் சைலென்சர் சாலையில் விழாமல் இருக்க பைக் பிரேக் கேபிளை ஒரு சுற்று தளர்வாகக் கட்டிவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் அதிர்வு கேபிள் வழியாகச் சேஸிக்குப் போய்விடும்.

பாடியில் குழாய் வெளியேறும் ஓட்டையை 10 மி.மீ. இடைவெளியில் வெட்டி, ஃபைபர் மஞ்சளாகிக் கொப்புளம் போட்டது எங்களுக்கு. பாலியஸ்டர் ரெசின் 100 டிகிரிக்குள்ளேயே இளக ஆரம்பித்துவிடும். சுற்றிலும் 25 மி.மீ.யாவது விடுங்கள், ஓரத்துக்கு அலுமினிய வளையம் கொடுங்கள். அழகுக்காக ரப்பர் பீடிங் வைத்து அடைக்காதீர்கள், மோட்டார் கொட்டகைச் சுவரில் சிமெண்ட் பூசிய கதைதான்.

குழாய்க்குக் கண்ணாடி இழை நாடா சுற்றலாமா என்று யாராவது கேட்பீர்கள். நம் ஊரில் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாடா ஈரத்தைக் குடித்துவைத்துக்கொள்ளும், எம்.எஸ். குழாய் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்துச் சல்லடையாகும். நாகப்பட்டினம், வேதாரண்யம் உப்புக்காற்றில் இன்னும் சீக்கிரம்.

அதைவிட டெல்டாவில் எனக்குப் பெரிய பயம் வைக்கோல்தான். அறுவடை முடிந்ததும் பாதிச் சாலை நெல்லுக்கும் வைக்கோலுக்கும் உளுந்துச் செடிக்கும் போய்விடும், வண்டிச் சக்கரம்தான் போரடிக்கிறது. தரைக்கு ஒரு சாண் உயரத்தில் படுத்திருக்கும் சைலென்சருக்கும் பாடிக்கும் நடுவே உள்ள சந்து வைக்கோலுக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். உலர்களத்தின் ஓரத்தில் கிடந்த கூளத்திலேயே எங்கள் வண்டி ஒருமுறை புகைந்தது. தண்ணீர்க் குடம் பக்கத்தில் இருந்ததால் பிழைத்தோம். சந்தின் முன்பக்கத்தை ஒரு சரிவான தகட்டால் மூடுங்கள், அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும். துளையிட்ட தகட்டில் ஒரு காப்பும் வெளிப்பக்கம் அவசியம். இடது பக்கம் ஏறி இறங்குகிறவரின் கெண்டைக்கால் நேராக அதில்தான் படும். காப்பு போடுவதற்கு முன்னால், பார்க்க வந்த ஆலைக்காரர் ஆசையாகக் காலைத் தூக்கி வைத்து, பாலியஸ்டர் வேட்டியின் கரையைச் சைலென்சருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

சாலையில் ஓட்டலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டனில் வீட்டில் கட்டிய வண்டியைத் தனியாகச் சோதித்துப் பதிவு செய்ய வழி இருக்கிறது. இங்கே மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. ஆம்னியின் ஆர்.சி.யை வைத்துக்கொண்டு இதை ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாங்கள் குட்டி யானையில் ஏற்றிக் கோவை செட்டிபாளையம் ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோகலாம் என்றிருக்கிறோம்.

குழாய் விட்டம் இரண்டு அங்குலம் என்று எழுதியிருந்தீர்கள். இந்த என்ஜினுக்கு ஒன்றரையே தாராளம், எடையும் குறையும், ரப்பர் கணக்கும் எளிதாகும். பொருத்தி முதல் தடவை சூடேறி ஆறியதும் மேனிஃபோல்ட் நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கிவிடுங்கள், கொஞ்சம் தளர்ந்திருக்கலாம்.