போனில் என்னதான் கற்கிறார்கள்? கேள்வி பதில்

சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் கம்ப்யூட்டர் அறையில் உட்காருகிறேன். ஒன்பது வருடமாகிறது. பாடம் எதுவும் நடத்துவதில்லை. பிள்ளைகள் தாங்களாக எதையாவது நோண்டுவார்கள், சிக்கினால் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். அதற்கு முன்னால் இருபது வருடம் டிடிபி வேலை, அதாவது அச்சுக்குப் போகும் பக்கங்களைக் கம்ப்யூட்டரில் அமைப்பது. பள்ளிக்கு வெளியே, போனிலும் கம்ப்யூட்டரிலும் இளையவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, பையன் ஒன்பதாவது படிக்கிறான். எப்போது கேட்டாலும் "கத்துக்கிட்டு இருக்கேன்மா" என்கிறான். எட்டிப் பார்த்தால் யாரோ கேம் விளையாடுவதை இவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். நிஜமாகவே கற்கிறானா, என்னை ஏமாற்றுகிறானா?

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். அமெரிக்காவில் மிசுகோ இட்டோ என்ற மானுடவியலாளரும் அவர் குழுவினரும் மூன்று வருடம் இதையே ஆராய்ந்தார்கள். சுமார் 800 இளையவர்களிடம் பேசி 2008இல் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்தது மூன்று நிலை. முதலாவது, நண்பர்களோடு சும்மா பொழுதுபோக்குவது. இரண்டாவது, "இது எப்படி வேலை செய்கிறது" என்று நோண்டிப் பார்ப்பது. மூன்றாவது, ஒரே விஷயத்தில் பைத்தியமாக இறங்கிவிடுவது. பெரும்பாலானவர்களின் நேரம் முதல் நிலையிலேயே போகிறது. மூன்றாவதுக்கு வருபவர்கள் கொஞ்சம் பேர்தான்.

உங்கள் பையன் எந்த நிலையில் இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். "என்ன கத்துக்கிட்டே?" என்று கேட்காதீர்கள், அது பரீட்சை மாதிரி இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, "இதை அவன் எப்படிச் செஞ்சான், எனக்குக் காட்டு" என்று கேளுங்கள். காட்ட முடிந்தால் அவன் இரண்டாவது நிலையில் கால் வைத்துவிட்டான். என் அறைக்கு வரும் ஒரு பையன் ஆறு மாதம் கேம் வீடியோ பார்ப்பதைத் தவிர எதுவும் செய்யவில்லை. ஒருநாள் கூப்பிட்டு, "ஆன்ட்டி, வீடியோவுக்கு முன்னாடி வர்ற படத்துல எழுத்தைச் சுத்தி வெள்ளைக் கோடு இருக்கே, அதை எப்படிப் போடறது?" என்று கேட்டான். அன்றிலிருந்து அவன் படம் செய்கிறவன். அந்த ஆறு மாதத்தை வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஆறு மாதம் முடிந்தும் அப்படி ஒரு கேள்வி வராத பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் காலேஜ் இரண்டாம் வருடம். ஒரு வருடமாக வீடியோ எடிட்டிங் யூட்யூபில் கற்கிறேன். நூறு டுட்டோரியலாவது பார்த்திருப்பேன். சாஃப்ட்வேரைத் திறந்தால் கை ஓடவில்லை. எங்கே தப்பு?

நூறு பார்த்ததுதான் தப்பு தம்பி. வீடியோவில் அவர் செய்யும்போது நமக்கும் புரிகிற மாதிரியே இருக்கும். புரிந்தது அவருடைய கை, நம்முடையதில்லை.

இப்படிச் செய்து பாருங்கள். இரண்டு நண்பர்கள் பேசிக்கொள்வதை போனில் முப்பது விநாடி எடுங்கள். வெட்டி ஒட்டும்போது இரண்டாமவர் முகம் வருவதற்கு அரை விநாடி முன்பே அவர் குரல் வந்துவிட வேண்டும். சினிமாவில் தினமும் பார்க்கும் விஷயம்தான், கவனித்திருக்க மாட்டீர்கள். இதற்கு எந்த டுட்டோரியலும் பார்க்காதீர்கள். ஒலித் தடத்தையும் படத் தடத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும் இடத்தில் சிக்குவீர்கள். சிக்கிய பிறகு, அந்த ஒன்றை மட்டும் தேடி, இரண்டு நிமிடம் பார்த்து, மூடிவிட்டு, ஞாபகத்திலிருந்து செய்யுங்கள். ஒரு வாரத்தில் இப்படி நாலு துண்டு முடிந்தால் போதும்.

அப்புறம் இன்னொன்று, இதுதான் முக்கியம். செய்ததை இந்த வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். நம் ஊர் டெய்லர் கடையில் காஜாப் பையன் இருப்பானே, ஞாபகம் இருக்கிறதா? காஜா எடுப்பான், பட்டன் தைப்பான், டீ வாங்கி வருவான். கத்தரிக்கோலைத் தொட விடமாட்டார்கள். ஆனால் முழுச் சட்டை எப்படி இருக்க வேண்டும் என்பது நாள் முழுக்க அவன் கண் முன்னால் இருக்கும். ஜீன் லேவ் என்ற ஆராய்ச்சியாளர் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் டெய்லர்களிடம் இதையேதான் பார்த்தார். அங்கேயும் முதலில் பட்டனும் ஓரம் மடித்துத் தைப்பதும், கடைசியில்தான் துணி வெட்டுவது. கடைசி வேலையிலிருந்து பின்னோக்கிக் கற்கிறார்கள். அவரும் எட்டியென் வெங்கரும் 1991இல் எழுதிய புத்தகத்தில் இது வருகிறது. யூட்யூப் உங்களுக்கு மாஸ்டரைக் காட்டுகிறது, ஆனால் கடையில் உட்கார இடம் தருவதில்லை. அந்த இடத்தை நீங்களேதான் தேடிக்கொள்ள வேண்டும். உள்ளூர் கல்யாண வீடியோக்காரரிடம் போய் கிளிப்புகளைப் பிரித்து அடுக்கித் தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள்.

குழந்தைகள் கையில் கம்ப்யூட்டரைக் கொடுத்தால் ஆசிரியரே இல்லாமல் கற்றுவிடுவார்கள் என்று ஒருவர் நிரூபித்தார் என்கிறார்களே, உண்மையா?

சுகதா மித்ரா என்ற கல்வி ஆராய்ச்சியாளரைச் சொல்கிறீர்கள். 1999இல் டெல்லி கல்காஜியில் ஒரு சுவரில் ஓட்டை போட்டு, குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காக ஒரு கம்ப்யூட்டரை வைத்தார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே சில நாளில் பிள்ளைகள் பிரவுஸ் செய்யத் தொடங்கிவிட்டார்கள். 2013இல் டெட் என்ற உரைநிகழ்ச்சி அமைப்பின் பரிசாக அவருக்குப் பத்து லட்சம் டாலர் கிடைத்தது.

எனக்குப் பிடித்தது அவருடைய இன்னொரு சோதனை, நம் பக்கத்தில் நடந்தது. புதுச்சேரிப் பக்கம் காளிக்குப்பம் என்ற ஊரில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு உயிரித் தொழில்நுட்பப் பாடத்தை இங்கிலீஷில் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து வந்து கேட்டால் "ஒண்ணும் புரியலை" என்றார்களாம். அதில் ஒரு சிறுமி மட்டும், டிஎன்ஏ மூலக்கூறு தப்பாக நகலானால் பரம்பரை நோய் வரும் என்பதைத் தவிர வேறெதுவும் புரியவில்லை என்றாளாம்! தேர்வு வைத்தால் நூற்றுக்கு முப்பது வந்தது.

எல்லோரும் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். முப்பது தேறாதே என்று மித்ரா அந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கமான ஒரு இளம்பெண்ணைப் பிடித்தார். அவருக்கு உயிரியல் தெரியாது, கணக்கு எழுதும் வேலை. பாட்டி மாதிரி அவர்கள் பின்னால் நின்று, "அட, இது எப்படி? இன்னொரு தடவை காட்டு" என்று வியந்துகொண்டிருந்தால் போதும் என்றார். மதிப்பெண் ஐம்பதுக்குப் போனது. ஆக, மெஷினை மட்டும் வைத்தபோது முப்பது, பின்னால் ஒரு ஆள் நின்றபோது ஐம்பது. ஆள் வேண்டாம் என்பதற்கு உதாரணமாக இந்தச் சோதனையையே காட்டுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. பாயல் அரோரா என்ற ஆய்வாளர் உத்தராகண்டில் அல்மோரா பக்கம் வைத்த இதே மாதிரிச் சுவர்க் கம்ப்யூட்டர்களைத் தேடிப் போனார். அவை செயலிழந்து கிடந்ததை 2010இல் எழுதினார். பார்த்துக்கொள்ள ஆளில்லாத இடத்தில் கம்ப்யூட்டருக்கும் அடிபம்புக்கும் ஒரே கதிதான்.

நான் பிளஸ் ஒன். எங்கள் ஊர்க் குளத்தைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதினேன் அக்கா. மறுநாளே நீக்கிவிட்டார்கள். அழுகையே வந்துவிட்டது. இனி எழுத மாட்டேன்.

முதல் தடவை எல்லோருக்கும் நடப்பதுதான் கண்ணு. அழுது முடித்தாயா? சரி, இப்போது அந்தப் பக்கத்துக்கே திரும்பப் போ. நீக்கியவர் காரணத்தை ஒரு வரியாவது அங்கே எழுதியிருப்பார், படி. பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். வேறு தளத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருப்பாய், அல்லது "எங்க தாத்தா சொன்னார்" என்பதைத் தவிர ஆதாரம் இருக்காது. தாத்தா சொன்னது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் படிக்கிறவர் அதை எங்கே போய்ச் சரிபார்ப்பார்?

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதில் எனக்குப் பிடித்தவை அங்கே வைத்திருக்கும் பெயர்கள். எழுதிப் பழகும் பக்கத்துக்கு மணல்தொட்டி என்று பெயர், அங்கே எதை எழுதி அழித்தாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள். எல்லோரும் கூடிப் பேசும் இடம் ஆலமரத்தடி. அங்கே போய், "என் கட்டுரை ஏன் நீக்கப்பட்டது, எப்படித் திருத்தலாம்?" என்று கேள். கடைசியில் நான்கு அலைக்குறி போட்டால் உன் பெயரும் நேரமும் தானாக வந்துவிடும். அதைப் போடாமல் விட்டால் அதையும் யாராவது சொல்லித்தருவார்கள்.

அதோடு, முழுக் கட்டுரையில் தொடங்காதே. மற்றவர் கட்டுரையில் ஒற்றுப்பிழை திருத்து, உன் குளத்தை நீயே போட்டோ எடுத்துச் சேர். மேலே ஒரு அண்ணனுக்குச் சொன்னேனே, அந்தக் காஜா வேலை இதுதான். குளத்தைப் பற்றி மாவட்ட விவரச் சுவடியிலோ கல்வெட்டுத் தொகுதியிலோ ஒரு வரி கிடைக்கிறதா என்று உங்கள் நூலகத்தில் கேட்டுப் பார். பள்ளிக்கூடத்தில் ஆதாரம் என்றால் என்ன என்று யாரும் உனக்குச் சொல்லவில்லை. முகம் தெரியாத ஒருவர் கட்டுரையை நீக்கிச் சொல்லிவிட்டார்.

என் பெண் செஸ் விளையாடுவாள். ஆன்லைனில் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது ஆட்டம். ரேட்டிங் ஒரு வருடமாக அதே இடத்தில் நிற்கிறது. கோச்சுக்கு வசதியில்லை.

மூன்று நிமிட ஆட்டமாக நாற்பது ஆடுகிறாள், சரிதானே? அது நொறுக்குத் தீனி. பதினைந்து நிமிட ஆட்டம் இரண்டு ஆடச் சொல்லுங்கள். லிசெஸ் 2010இல் வந்த செஸ் தளம், விளம்பரமில்லை, காசில்லை. ஆட்டம் முடிந்ததும் எங்கே தப்பு செய்தாய் என்று கணினியே காட்டிவிடும். அதில்தான் ஆபத்து. அந்தப் பொத்தானை அழுத்துமுன் எங்கே கோட்டை விட்டோம் என்று அவளே நோட்டில் இரண்டு வரி எழுதட்டும். பிறகு ஒப்பிடட்டும். குகேஷுக்குக் கணினி உதவியே இல்லாமல் பல வருடம் பயிற்சி கொடுத்தவர் விஷ்ணு பிரசன்னா. ரேட்டிங் 2500ஐ எட்டும்வரை இன்ஜின் பக்கமே விடவில்லை. 2024 டிசம்பரில், 18 வயதில் அந்தப் பையன் உலக சாம்பியன். எல்லோருக்கும் அது பொருந்தும் என்று சொல்லவில்லை, வரிசையைக் கவனியுங்கள்: முதலில் சொந்த யோசனை, பிறகுதான் கணினி.

நான் ஆசிரியர். பிள்ளைகள் எல்லாம் யூட்யூபில் இருக்கிறது என்கிறார்கள். பிறகு நாங்கள் எதற்கு?

சார், காளிக்குப்பம் பதிலைப் படியுங்கள்.

எல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது. தமிழில் ஒழுங்காகக் கிடைப்பதில்லை.

சமையல், டெய்லரிங், பைக் மெக்கானிக் வேலை, விவசாயம் எல்லாம் தமிழில் கொட்டிக்கிடக்கிறது. புரோகிராமிங்கும் ஓரளவு வந்துவிட்டது. ஆழமாகப் போனால் இங்கிலீஷ் வேண்டும்தான். வேகத்தை முக்காலாகக் குறைத்து, எழுத்தைக் கீழே ஓடவிட்டுப் பாருங்கள். இங்கிலீஷும் சேர்ந்து வரும்.

எது உண்மை, எது பொய் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

தெரியாது, போனோடு பிறந்த தலைமுறை என்பதால் தானாக வந்துவிடாது. ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க் குழு வரலாற்றுப் பேராசிரியர்களையும், மாணவர்களையும், செய்தி சரிபார்ப்பவர்களையும் உட்காரவைத்து ஒரே தளங்களைக் காட்டியது. படித்தவர்கள் அந்தப் பக்கத்தையே மேலும் கீழும் ஆராய்ந்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் சில விநாடியிலேயே அதைவிட்டு வெளியே வந்து, வேறு டேப் திறந்து, "இவர்கள் யார்?" என்று மற்ற இடங்களில் தேடினார்கள். பெண் பார்க்கப் போனால் அவர்கள் வீட்டிலேயே விசாரிப்போமா, பக்கத்துத் தெருவில் விசாரிப்போமா? அதேதான்.

பையன் வீடியோ பார்த்து எலக்ட்ரிக்கல் வேலை எல்லாம் செய்கிறான். விடலாமா?

பேட்டரி, எல்இடி, சின்ன மோட்டார் வரை விடுங்கள். வீட்டுக் கரன்ட்டைத் தொட்டால் பக்கத்தில் வேலை தெரிந்த பெரியவர் கட்டாயம். மைக்ரோவேவ் அடுப்பைப் பிரிப்பது கூடவே கூடாது. அதிலிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து மரத்தில் மின்னல் மாதிரிக் கோலம் எரிக்கும் வீடியோ பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அமெரிக்காவில் அதைச் செய்து பார்த்துச் செத்தவர்கள் நிறையப் பேர். அங்கே மரம் கடைபவர்களின் சங்கமே தன் நிகழ்ச்சிகளில் அதைத் தடைசெய்துவிட்டது. ஷாக் அடித்தவர்கள் வீடியோ போடுவதில்லை என்று பையனிடம் சொல்லுங்கள்.

வீட்டில் ஒரே போன். அண்ணன் கையிலேயே இருக்கிறது. எனக்கு இரவு அரைமணி நேரம், அதுவும் அம்மா பக்கத்தில். நான் எப்படிக் கற்பது?

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, அம்மா. என் அறையில் எட்டு கம்ப்யூட்டர். நான் பேசாமல் இருந்தால் எட்டிலும் பையன்கள்தான் உட்காருவார்கள். அதனால் நாலு கம்ப்யூட்டரில் பெண்பிள்ளைகளுக்கு என்று பேப்பர் எழுதி ஒட்டினேன். முதல் மாதம் அந்த நாலும் காலி. ஒரு பையனின் அப்பா சண்டைக்கே வந்தார். இரண்டாம் மாதத்திலிருந்து நிரம்பியது. உங்கள் ஊர் நூலகத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள், தோழி ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த அரைமணி நேரத்தில் பார்ப்பதைவிட நோட்டில் குறித்துக்கொள்வது அதிகமாக இருக்கட்டும், பகலில் பேப்பரில் செய்து பார்க்கலாம். அம்மா பக்கத்தில்தான் இருக்கிறார் என்றால், பார்த்ததை அவருக்குச் சொல்லிக்காட்டுங்கள். போன் நேரம் கூடுகிற வழி சில வீடுகளில் அதுதான்.

நீங்கள் எப்படிக் கற்றீர்கள்?

பிரஸ்ஸில் ப்ரூஃப் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன், 1997. ஆபரேட்டர் அண்ணன் பின்னால் ஒரு ஸ்டூல். அவர் பேஜ்மேக்கர் என்ற சாஃப்ட்வேரில் கல்யாணப் பத்திரிகை அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் டீக்குப் போகும் பத்து நிமிடம் எனக்கு. முதலில் திருத்தங்கள் மட்டும் போட விட்டார், னகரம் ணகரம் மாற்றுவது போல. முதன்முதலில் தனியாக அடித்த கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை அப்பா பெயரை மாப்பிள்ளைக்குப் போட்டுவிட்டேன். அச்சுக்குப் போகுமுன் அண்ணன் பார்த்தார், திட்டவில்லை, பென்சிலால் சுழித்து ஸ்டூலில் வைத்துவிட்டு டீக்குப் போய்விட்டார். பத்து வருடம் கழித்து, பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடு என்ற பொது எழுத்துமுறைக்கு மாற்றத் தெரியாமல் இணையத்தில் கேட்டேன். திரை முழுக்க ரோமன் எழுத்தும் குறிகளுமாக இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், "பிழை எந்த வரியில எண்டு அனுப்புங்கோ" என்று பதில் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை நூலகம் விடுமுறை. மீதிக் கேள்விகளுக்கு அதற்கடுத்த வாரம்.