முன்னிலையில் இருக்கும் அமெரிக்கக் கால்பந்து அணி பாதுகாப்பாக ஆடினால் தாக்குதல் ஏன் முடங்குகிறது?

பந்து வைத்திருக்கும் அணி நான்கு டவுனுக்குள் (அதாவது நான்கு முயற்சிக்குள்) 10 யார்டு முன்னே நகர வேண்டும், இல்லையென்றால் பந்து கைமாறிவிடும். பந்து பறிபோகக் கூடாதே என்று பயிற்சியாளர் முதல் இரண்டு டவுனிலும் பாஸ் எறியாமல் பந்தோடு ஓடவே சொன்னால், எதிரணி ஆட்களை முன்வரிசையில் குவித்துவிடும். ஓரிரு யார்டுதான் தேறும். மூன்றாவது டவுனில் 8 யார்டு பாக்கி இருக்க, இனி பாஸ்தான் என்பது ஊருக்கே தெரியும். பாஸ் எறியும் குவார்ட்டர்பேக் பாடு திண்டாட்டம்.

2015 ஜனவரியில் நடந்த என்எஃப்சி (என்எஃப்எல் லீகின் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதியாட்டத்தைப் பாருங்கள். சியாட்டிலுக்கு எதிராக கிரீன் பே இடைவேளையில் 16-0 என முன்னிலை. அதற்கு முன்பே இரண்டு முறை கோல் கோட்டுக்கு ஒரு யார்டு தொலைவில் நின்றும், நான்காவது டவுனில் 6 புள்ளி தரும் டச் டவுனுக்கு முயலாமல், பந்தை உதைத்து 3 புள்ளி பெறும் ஃபீல்டு கோலோடு திருப்திப்பட்டார்கள். அப்புறம் 19-7, கடைசி ஐந்து நிமிடம், எதிரணி பாஸைப் பிடித்துப் பந்தும் கைக்கு வந்தது. ஆரன் ராட்ஜர்ஸ் போன்ற அருமையான குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு வரிசையாக மூன்று ஓட்டம்! இருந்த இடத்தைவிடப் பின்னால் போய், பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுத்தார்கள். கூடுதல் நேரத்தில் 28-22 எனத் தோல்வி.

ராட்ஜர்ஸுக்குக் கெண்டைக்காலில் காயம் இருந்தது உண்மைதான். ஆனாலும் ஒரு குறும்பாஸாவது முயன்றிருக்கலாம்.