6,000 ரூபாய்க்குள் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு எந்த ரிவெர்ப் பெடல் வாங்கலாம்?

கேட்டவர் காரைக்குடிப் பக்கம் இருக்கிறார். கையில் ஓர் எலெக்ட்ரிக் கிட்டார், ரிவெர்ப் (ஒலி ஓர் இடத்தில் மோதித் திரும்பி முழங்குவது போன்ற விளைவு) இல்லாத சிறிய பயிற்சி ஆம்ப், ஒலியைக் கரகரப்பாக்கும் ஓர் ஓவர்டிரைவ் பெடல் ஆகியவை இருக்கின்றன. வீட்டில் பயிற்சி செய்கிறார். திருவிழாக் காலத்தில் மெல்லிசைக் குழுவோடு மேடையேறுகிறார். 6,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்க இயலாது என்கிறார். நானும் இதே பகுதியில் இருந்துகொண்டு, இதே மாதிரி மேடைகளில் வாசிப்பவன் என்பதால் பதில் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிசி எலெக்ட்ரானிக் நிறுவனத்தின் ஸ்கைசர்ஃபர் பெடலை இந்த விலைக்கு ஒட்டி எங்காவது பிடிக்க முடிந்தால் அதை வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் பெரிங்கர் டிஆர்600 போதும். இரண்டில் எதை வாங்கினாலும் அடாப்டருக்கென்று ஒரு தொகையைத் தனியே ஒதுக்கி வையுங்கள். பெடலின் பெயரைவிட, அதை எந்த இடத்தில் வைத்து வாசிக்கப் போகிறீர்கள் என்பதுதான் இங்கே பெரிய கேள்வி. நம் ஊர் வீடுகளைப் பொறுத்தவரை இது இரட்டிப்பு உண்மை.

செட்டிநாட்டு வீட்டின் சுவரை விரலால் தடவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய அந்தப் பூச்சு கண்ணாடி போல வழுவழுப்பாக இருக்கும். கீழே ஆத்தங்குடிக் கல், மேலே உயரமான கூரை. ஒலியை உறிஞ்சிக்கொள்ளும் பொருள் எதுவுமே இல்லாத இத்தகைய அறையில் ஒரு கம்பியை மீட்டினால், ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்பிக்கொண்டே இருக்கும். 1890களின் பிற்பகுதியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரைக் கூடத்தின் முழக்கத்தைக் குறைக்க முயன்ற வாலஸ் சபைன் என்பவர், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டுப் போட்டு அளந்து ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார். அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, அறை ஒலியை உறிஞ்சும் மொத்த அளவால் வகுத்தால், ஒலி 60 டெசிபல் தணிவதற்கு ஆகும் நேரம் நொடியில் கிடைக்கும்.

அந்தக் கணக்கை நம் வீட்டு அறைக்குப் போட்டுப் பாருங்கள். 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் கொண்ட வெற்று அறையின் கன அளவு 96 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்த பரப்பு 128 சதுர மீட்டர். அந்தப் பரப்பு தன்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு 5 பங்கை, அதாவது 6.4 சதுர மீட்டர் அளவுக்கு, உறிஞ்சுவதாக வைத்துக்கொண்டால், முழக்கம் அடங்க ஏறத்தாழ 2.4 நொடி ஆகும். பெடலில் 'ஹால்' என்று எழுதியிருக்கும் ஒலி அதைப் போலத்தான் நீளும். அதே அறையில் மெத்தைகள், திரைச்சீலைகள், துணி அடுக்கிய திறந்த அலமாரி, நாலைந்து ஆட்கள் என்று இன்னொரு 10 சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சும் பொருள் சேர்ந்துவிட்டால் ஒரு நொடிக்கும் கீழே இறங்கிவிடும். ஆக, பொருள் இல்லாத பெரிய அறையில் உட்கார்ந்து பெடலைச் சோதித்தால் எந்தப் பெடலும் மிகையாகத் தோன்றும். ஏசி போட்ட சின்னப் படுக்கையறையில் சோதித்தால் எந்தப் பெடலும் போதாது என்று தோன்றும்.

வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரமும் அறைகளும் இருக்கும் வீட்டின் நடுப்பகுதியில், வாசித்தால் இன்னும் முழங்கும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. வளவின் நடுவே முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது. மேலே போன ஒலி திரும்பி வராது என்பதால், சபைன் கணக்கில் திறந்த வெளி என்பது முழுதாக உறிஞ்சும் பரப்புக்குச் சமம். மூடிய கல்யாணக் கொட்டகையில் கேட்கும் முழக்கம் வளவில் கேட்காததற்கு இதுதான் காரணம். பயிற்சிக்கு இடம் தேடுகிறவர்கள் வளவின் தாழ்வாரத்தில் ஆம்பை முற்றத்தைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. அங்கே கேட்கும் ஒலிதான் மேடையில் கேட்கப் போகும் ஒலிக்குக் கிட்டத்தில் இருக்கும்.

மேடையில் நிலைமை வேறு. மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழா போன்ற நாட்களில் திறந்தவெளியில் மேடை போடும்போது, ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவரே இருக்காது. கிட்டார் ஒலி வறண்டு, துண்டு துண்டாக விழும். ரிவெர்ப் பெடல் உண்மையிலேயே வேலை செய்வது அங்கேதான். ஆனால் அங்கே ஒரு சிக்கலும் உண்டு. மைக்செட்காரரின் மிக்சரிலேயே பெரும்பாலும் ரிவெர்ப் இருக்கும். பாடகருக்குப் போடும் போது அதைக் கிட்டார் சேனலுக்கும் திருப்பிவிட்டிருப்பார். உங்கள் பெடலின் முழக்கத்தின் மேல் அவருடைய முழக்கமும் ஏறினால், மேடைக்குக் கீழே இருப்பவருக்குச் சுரம் எது, சத்தம் எது என்று பிரிக்க முடியாது. நிகழ்ச்சிக்கு முன்பே போய், "அண்ணே, கிட்டாருக்கு எஃபெக்ட் வேண்டாம், அந்த சேனலில் மட்டும் இறக்கிடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இன்னொன்று, நம் ஊர் மைக்செட்டில் இரண்டு பக்கப் பெட்டிகளிலும் பெரும்பாலும் ஒரே ஒலிதான் போகிறது. எனவே 'ஸ்டீரியோ' என்ற சொல்லுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

இனி ஒலி வகைகளைப் பார்ப்போம். பெடலில் ஸ்பிரிங், பிளேட், ஹால், ரூம் என்று எழுதியிருப்பவை எல்லாம் ஒரு காலத்தில் உண்மையான பொருள்களாகவும் இடங்களாகவும் இருந்தவை. ஸ்பிரிங் என்பது தகரப் பெட்டிக்குள் இழுத்துக் கட்டிய சுருள்கம்பி. ஃபெண்டர் நிறுவனம் 1961இல் அதைத் தனிப் பெட்டியாகவும், 1963இல் வைப்ரோவெர்ப் ஆம்புக்குள் வைத்தும் விற்றது. பிளேட் என்பது சட்டத்தில் தொங்கவிட்ட பெரிய எஃகுத் தகடு. 1957இல் ஜெர்மனியின் இஎம்டி நிறுவனம் கொண்டுவந்த 140 என்ற கருவியின் எடை கிட்டத்தட்ட 270 கிலோ என்பார்கள். இன்றைய மலிவுப் பெடல்களில் இருப்பது அவற்றை எண்கணக்கால் போலி செய்யும் ஒரு சில்லு. இந்த வரலாறு எதற்கு என்றால், எந்த வகை எதற்கு ஏற்றது என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். ஸ்பிரிங் ஒலியில் ஒரு துள்ளல் உண்டு. கம்பியை அழுத்தமாகத் தட்டினால் 'சலக்' என்று சொட்டும். பழைய மெல்லிசைப் பாடல்களின் கிட்டாருக்கு அது பொருந்தும். பிளேட் அடர்த்தியானது, சொட்டாது. ஓவர்டிரைவ் போட்டுத் தனி வாசிப்பு வாசிக்கும்போது அதுதான் நன்றாக ஒட்டும். ஹால் மெதுவான பாடல்களுக்கு ஏற்றது. இந்த மூன்றும் இருந்தால் மெல்லிசைக் குழுவின் வேலை முடிந்தது. ஷிம்மர் என்று ஒன்று வருகிறது. முழக்கத்தின் மேலே ஒரு ஆக்டேவ் உயர்த்திய ஒலியைச் சேர்த்து வானுலகம் போல ஆக்கும். வீட்டில் தனியாக இருக்கும்போது கேட்க இனிமையாக இருக்கும். குழுவோடு வாசிக்கும்போது கீபோர்டுக்காரரோடு முட்டிக்கொள்ளும் என்பதால், அதற்காகப் பெடலைத் தேர்ந்தெடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஒலி வகைகளின் எண்ணிக்கையைவிடக் குமிழ்களைக் கவனியுங்கள். நேரம், கலவை அளவு, டோன் ஆகிய மூன்றும் தனித்தனியே இருக்க வேண்டும். இவற்றில் பலரும் பொருட்படுத்தாத டோன் குமிழ்தான் என் பார்வையில் முதன்மையானது. அதை இடப்பக்கம் குறைத்தால் முழக்கத்தின் கூர்மை மட்டுப்பட்டு, கிட்டாரின் நேரடி ஒலி முன்னே நிற்கும். மைக்செட்டின் கீச்சுப் பெட்டிகளில் அது மிகவும் தேவை. நேரக் குமிழை வைக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் ஓர் அடி அரை நொடி; நான்கு அடி கொண்ட ஒரு சுற்று 2 நொடி. அடுத்த சுற்றில் கார்டு மாறுவதற்குள் முந்தைய கார்டின் முழக்கம் அடங்கும்படி குமிழைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அடங்காவிட்டால் இரண்டு கார்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கலங்கிவிடும்.

ஸ்கைசர்ஃபரை நான் முதலில் சொன்னதற்கு இதுவே காரணம். ஸ்பிரிங், பிளேட், ஹால் என்று மூன்று வகைகளை ஒரு சிறிய சுவிட்ச் மாற்றுகிறது. மூன்று குமிழ்கள் போதிய வேலையைச் செய்கின்றன. உலோக உடல் என்பதால் மேடையில் மிதித்தால் பயப்பட வேண்டியதில்லை. அணைத்தவுடன் முழக்கம் சட்டென்று அறுந்துவிடும் என்பது அதன் குறை. ஒரு பாட்டின் கடைசிக் கார்டை நீளவிட்டு அணைக்கும் வழக்கம் உடையவர்களுக்கு இது உறுத்தும். மற்றவர்கள் கவனிக்கக்கூட மாட்டார்கள். டிஆர்600இல் ஆறு வகைகள் இருக்கின்றன, விலையும் குறைவு, ஒலியும் அந்த விலைக்கு மீறியது. ஆனால் உடல் பிளாஸ்டிக். காலில் செருப்போடு ஓங்கி மிதிப்பவர்களின் கையில் அது நீண்ட நாள் தாங்காது; ஒரு பலகையில் ஒட்டி, முன்காலால் மெதுவாக அழுத்திப் பழகினால் தாங்கும். மூவர் (Mooer) நிறுவனத்தின் ஷிம்வெர்ப் போன்ற உள்ளங்கை அளவுப் பெடல்களும் இந்த விலை வரிசைக்குப் பக்கத்தில் வருகின்றன. அவற்றில் பேட்டரி போட இடமே இருக்காது என்பதை வாங்குமுன் நினைவில் கொள்ளுங்கள். பாஸ் ஆர்வி-6, டிசியின் ஹால் ஆஃப் ஃபேம் 2 இரண்டும் அருமையானவை, ஆனால் புதிதாக வாங்கினால் உங்கள் தொகையைத் தாண்டிவிடும். இன்னும் கொஞ்சம் பணம் சேர்க்க முடியுமானால், ஒரே ஒரு ரிவெர்ப் பெடலுக்குப் பதில் ஜூம் ஜி1 ஃபோர் போன்ற மல்டி எஃபெக்ட் வாங்குவது தவறாகாது. டியூனர், லூப்பர், டிலே (எதிரொலி) எல்லாம் அதிலேயே இருக்கின்றன, நான்கு ஏஏ பேட்டரியிலும் ஓடும். மேடையில் குனிந்து திரையைப் பார்த்து மாற்றிக்கொண்டிருக்கும் பொறுமை எனக்கு இல்லாததால்தான் நான் தனிப் பெடல் பக்கம் நிற்கிறேன்.

அடாப்டர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ரிவெர்ப் பெடல் எண்முறையில் இயங்குவது. ஓவர்டிரைவ் பெடலைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும், 9 வோல்ட் பேட்டரியைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். அதோடு, ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்து ஓவர்டிரைவுக்கும் ரிவெர்புக்கும் கொடுத்தால், சில்லின் இரைச்சல் ஓவர்டிரைவுக்குள் புகுந்து மெல்லிய கீச்சொலியாகப் பெருகி வரும். கிட்டாரின் ஒலிக் குமிழைக் குறைத்த பின்பும் அந்தக் கீச்சு நின்றபாடில்லை என்றால் குற்றவாளி மின்வழிதான். ஒவ்வொரு முனையும் தனித்தனியே பிரிக்கப்பட்ட அடாப்டரோ, ரிவெர்புக்கு மட்டும் ஒரு தனி அடாப்டரோ வைத்துக்கொள்ளுங்கள். 9 வோல்ட், நடுமுனை எதிர்மின், பெடலில் எழுதியிருப்பதற்குக் குறையாத மில்லி ஆம்பியர் ஆகிய மூன்றையும் படித்துப் பார்த்துச் செருகுங்கள். வீட்டில் கிடக்கும் வைஃபை ரூட்டர் அடாப்டரின் முனை அப்படியே பொருந்தும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றின் நடுமுனை நேர்மின், பலவற்றில் 12 வோல்ட். பெடலுக்கு அது ஆகாது.

வரிசை எளிது: கிட்டார், ஓவர்டிரைவ், டிலே இருந்தால் டிலே, கடைசியில் ரிவெர்ப், பிறகு ஆம்ப். ஓவர்டிரைவுக்கு முன்னால் ரிவெர்பை வைத்தால் முழக்கமும் சேர்ந்து உடைந்து சேறாகிவிடும். ஆம்பின் சொந்த டிஸ்டார்ஷனைப் பயன்படுத்தினாலும் இதே கதைதான். எஃபெக்ட்ஸ் லூப் (ஆம்பின் டிஸ்டார்ஷனுக்குப் பிறகு பெடலை இணைக்கும் வழி) இல்லாத சிறிய ஆம்பில் அதற்கு மாற்று வழி இல்லை. ஆகவே ஆம்பைச் சுத்தமான ஒலியில் வைத்து, கரகரப்பை ஓவர்டிரைவ் பெடலிடமிருந்தே வாங்குங்கள்.

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இந்தப் பெடல்களைக் காட்டிச் சோதிக்கவிடும் கடையை எதிர்பார்க்க முடியாது. மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டியிருக்கும், இல்லையென்றால் இணையத்தில் வரவழைக்க வேண்டும். பழைய பெடல் வாங்குவதிலும் தயங்க வேண்டாம். சோதிக்கும்போது கலவைக் குமிழை முழுதாக ஏற்றி, எதுவும் வாசிக்காமல் இரைச்சல் எவ்வளவு என்று கேளுங்கள். ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் திருப்பிக் கரகரப்பு வருகிறதா என்று பாருங்கள். கேபிளைச் செருகிய நிலையில் முனையை லேசாக அசையுங்கள். ஒலி விட்டுவிட்டு வந்தால் ஜாக் தளர்ந்திருக்கிறது. பிறகு கலவையைக் கால்பங்குக்கு இறக்கி, நீங்கள் மேடையில் வாசிக்கும் ஒரு பாட்டின் கார்டுகளை அடித்து, சட்டென்று கம்பிகளை உள்ளங்கையால் அமுக்குங்கள். மிஞ்சி நிற்கும் வாலில் உலோகத் தகரத்தைத் தட்டினாற்போல் ஒரு மணியோசை கேட்டால், டோன் குமிழைக் குறைத்துப் பாருங்கள். அதற்கும் போகவில்லை என்றால் அந்தப் பெடலை விட்டுவிடுங்கள். இவ்வளவையும் உங்கள் சொந்தக் கிட்டாரிலும் சொந்த அடாப்டரிலும் செய்யுங்கள். கடைக்காரர் காட்டும் பெரிய வால்வு ஆம்பைத் தவிர்த்து, உங்களுடையதைப் போன்ற சிறிய ஆம்ப் ஒன்றில் இணைத்துத் தரச் சொல்லுங்கள்.